பால் வெட்டுகிற வீட்டில் ஒரு எபோனைட் பேனா

கூரியர் பெட்டியைப் பிரித்ததும் நான் செய்த முதல் காரியம், பேனாவின் மூடியைக் கழற்றி மூக்கில் வைத்தது. சிரிக்க வேண்டாம். எபோனைட் பேனா வாங்குகிற எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. திண்ணையில் இருந்த அப்பாவுக்கு அங்கேயே மணம் தட்டிவிட்டது. "பஞ்சர் கடை மணம் அடிக்குதே, என்ன வாங்கின மக்களே?" என்றார். பேனா என்றேன். ரப்பரில் செய்த பேனா என்றேன். வாங்கி, நகத்தால் சுரண்டிப் பார்த்து, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, "இது ரப்பராக்கும்? ஆரு சொன்னா?" என்று திருப்பிக் கொடுத்தார்.

நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை அது. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய், சிரட்டையில் பால் எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடித்து, புகைக்கூட்டில் காயவைத்தவர். அவர் பார்த்த ரப்பர் எல்லாம் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கடைசலில் கடைந்து பாலிஷ் போட்ட, எருமைக் கொம்பு மாதிரி இருக்கிற இதை ரப்பர் என்றால் எப்படி நம்புவார்?

விஷயம் கந்தகத்தில் இருக்கிறது. டயர் செய்ய நூறு கிலோ ரப்பருக்கு இரண்டு மூன்று கிலோ கந்தகம் போதும். எபோனைட்டுக்கு முப்பது, நாற்பது கிலோ என்று அள்ளிப் போட்டு, மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். ரப்பர் தன் குணத்தையே விட்டுவிட்டுக் கட்டை மாதிரி ஆகிறது. 1850களிலேயே இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். பஞ்சர் கடை மணம் அந்தக் கந்தகத்தினுடையது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இன்னும் தூக்கலாக வரும். இரண்டு மாதத்தில் குறைந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர். பேனா சேகரிக்கிற ஆள் இல்லை. மைப்பேனாவுக்குத் திரும்பியதற்குக் காரணம் வலது கைப் பெருவிரல். அரைப்பரீட்சை விடைத்தாள் ஐந்து வகுப்புக்குத் திருத்தினால் விரலின் அடிமுட்டு வீங்கிவிடும். பந்துமுனைப் பேனாவை அழுத்திப் பிடிப்பதுதான் காரணம் என்று எலும்பு டாக்டர் சொன்னார். அழுத்தாமல் எழுதுவதற்கு ஒரே வழி எங்கள் பள்ளிக்கூடக் காலத்துப் பேனா. நிப்பு தாளைத் தொட்டால் போதும், மை தானே இறங்கும். அழுத்தினால் நிப்பு விரிந்துவிடும் என்ற பயத்திலேயே கை தளர்ந்துவிடும். நாலு வருடம் ஆகிறது, வீக்கம் திரும்ப வரவில்லை.

ஆனால் நல்ல பேனாவுக்கு வந்து சேர்ந்தது நேர்வழியில் அல்ல. முதலில் நாகர்கோவிலில் மணிமேடைப் பக்கம் ஒரு கடையில் நூறு ரூபாய்க்குள் ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம், அந்த விலைக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? மூன்றாம் வாரம் கழுத்துப் பக்கம் மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல். பையில் இருந்த சாப்பாட்டுத் துணி, சில்லறைப் பர்ஸ், ஒரு குடும்ப அட்டை நகல் எல்லாம் நீலம். கடைக்காரர் மாற்றித் தரவில்லை. "மைப்பேனான்னா ஒழுகத்தான் செய்யும் டீச்சர்" என்று எனக்கே பாடம் எடுத்தார். இது சுத்தப் பொய். ஒழுகாத பேனா நம் நாட்டிலேயே செய்கிறார்கள்.

அடுத்து வந்தது ஏர்மெயில் 69 என்கிற கண்ணாடி மாதிரிப் பேனா. உள்ளே மை எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். அதைச் சிவப்பு மைக்கு ஒதுக்கிவிட்டேன். ரத்தப் பரிசோதனைக் குழாய் மாதிரி இருக்கிறது என்று பையன்கள் சொல்கிறார்கள். மார்க் போடும்போது அந்தத் தோற்றத்துக்கு ஒரு மரியாதையும் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாடு மாதிரி உழைக்கிறது, கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இனி எபோனைட். யார் செய்த பேனா என்று சொல்லப்போவதில்லை. கையால் கடைகிற பேனாவில் ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது, என் ஒரு பேனாவை வைத்து ஒரு பட்டறைக்கு மார்க் போடுவது நியாயமில்லை. இந்த வகைப் பேனாவுக்குத்தான் இங்கே மார்க். இப்படிக் கடைகிறவர்கள் திருவள்ளூரில் ரங்கா இருக்கிறார்கள், சென்னை பாரிமுனையில் பல தலைமுறையாகப் பேனாவே விற்கிற ஜெம் அண்ட் கோவில் காமா என்ற பெயரில் கிடைக்கிறது, ஆந்திராவில் ராஜமுந்திரியில் ரத்னம் இருக்கிறார்கள். சுதேசியாக ஒன்று செய்யுங்கள் என்று காந்தி சொன்னதைப் பிடித்துக்கொண்டு முழுக்க இந்தியப் பேனாவாகச் செய்து, அதற்கு 1935-இல் காந்தியிடமிருந்தே கடிதம் வாங்கியவர்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசைப் பையன் ஒருவன், "காந்தி பால்பாயிண்ட் எழுத மாட்டாரா டீச்சர்?" என்று கேட்டான். அப்போது இங்கே அது ஏது, மக்களே.

என் பேனா மூடியோடு சேர்த்து ஒரு சாண் நீளம் இருக்காது. பழுப்பும் கறுப்புமாக, தேக்குப் பலகையில் ஓடும் வரிமாதிரி வரிகள். ஆளைப் பார்த்தால் கனமாகத் தெரியும், எடுத்தால் லேசு. பிளாஸ்டிக் பேனாவின் குளிர்ச்சி கிடையாது, கை வைத்ததும் கைச்சூட்டை வாங்கிக்கொள்கிறது. வியர்வையிலும் வழுக்குவதில்லை. இங்கே ஏப்ரலில் மின்விசிறி நின்றுபோன வகுப்பறையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூடியைத் திறக்க மூன்றரைச் சுற்று. இது எனக்குப் பிடிக்கவில்லை. லீவு லெட்டரில் கையெழுத்து வேண்டும் என்று பிள்ளை நீட்டிக்கொண்டு நிற்கும்போது நான் திருகிக்கொண்டே இருக்கிறேன். வருகைப்பதிவுக்கும் கையெழுத்துக்கும் இது ஆகாது. உட்கார்ந்து எழுதுகிற வேலைக்குத்தான். கிளிப் இல்லாமல் வாங்கியதும் என் தப்பு. புடவையில் பாக்கெட் இல்லை, கிளிப் எதற்கு என்று நினைத்தேன். உருண்டையான பேனா சாய்வு மேசையில் நிற்காது என்று தோன்றவில்லை. இரண்டு முறை உருண்டு, ஒருமுறை விழுந்து, தப்பித்தது. கிளிப் போட்டே வாங்குங்கள், சட்டைக்காக இல்லாவிட்டாலும் மேசைக்காக.

மை நிரப்பும் விதம் நம் பழைய கட்டைப் பேனாதான். கழுத்தைத் திருகிக் கழற்றி, உடம்புக்குள் நேராக மை விடவேண்டும். மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் கேட்டால் கொடுப்பார்கள். என் பேனா 3 மில்லி குடிக்கிறது. கடையில் விற்கிற சின்ன மைக்குப்பியில், அதாவது கார்ட்ரிட்ஜில், முக்கால் மில்லிதான் இருக்கும். ஒருமுறை நிரப்பினால் பாடக்குறிப்பு, நோட்டுத் திருத்தம் எல்லாம் சேர்த்து எனக்கு மூன்று வாரம் ஓடுகிறது. நிரப்பும்போது மரையில் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவவேண்டும், தண்ணீர்க்குழாய் வேலை செய்பவர்களிடம் இருக்கும். வாஸ்லின் தடவாதீர்கள். ரப்பர் வளையம் இருந்தால் எண்ணெய்ப் பசையில் ஊதிவிடும். மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டால் அரைமணி நேரம் சொல்வார்.

இந்த வகைப் பேனாவின் பெரிய குணக்கேடு ஒன்று உண்டு, அது கக்கும். மை முக்கால்வாசி தீர்ந்து, உள்ளே காற்று நிறைந்திருக்கும் நேரத்தில் கைச்சூட்டில் அந்தக் காற்று விரியும். விரிந்த காற்று மையைத் தள்ளும். நிப்பு முனையில் ஒரு சொட்டு உருண்டு நிற்கும், நாம் கவனிப்பதற்குள் தாளில் விழுந்துவிடும். எனக்கு விழுந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கட்டுரை நோட்டில், அதுவும் அழகான கையெழுத்து. பழைய வைத்தியம் கை கொடுத்தது. கரும்பலகையின் அடியில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்துச் சொட்டின் ஓரத்தில் வைத்தேன், உறிஞ்சிக்கொண்டது. சாக்பீஸ் நீலமானதைப் பார்க்க வகுப்பே கூடிவிட்டது. நாங்கள் படிக்கும்போது இதற்கென்றே டப்பாவில் சாக்பீஸ் துண்டு வைத்திருப்போம், இந்தத் தலைமுறை பார்த்ததே இல்லை.

எபோனைட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், ஆகவே பிளாஸ்டிக் பேனாவைவிடக் குறைவாகக் கக்கும். ஆனாலும் கக்கும். மூன்றில் ஒரு பங்கு மீதம் இருக்கும்போதே நிரப்பிவிட்டால் தொல்லை இல்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியாது என்பதால் நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நிரப்பிய தேதியைக் குறித்துவைக்கிறேன். கேஸ் சிலிண்டருக்குக் குறிப்பது போல.

நிப்பைப் பற்றிச் சொல்லாமல் பேனா விமர்சனம் முடியாது. பணம் கூடுதலாகக் கொடுத்தால் ஜெர்மன் நிப்பு போட்டுத் தருகிறார்கள். நான் இந்திய நிப்பையே கேட்டேன். நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகிறவர்களுக்குச் சாத்தூர் என்றால் சேவும் வெள்ளரிக்காயும். ஒரு காலத்தில் அந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது, பேனா நிப்பு. வீட்டுக்கு வீடு தகடு வெட்டி, வளைத்து, நடுவில் கீறி, நிப்பு செய்த ஊர் அது. பந்துமுனைப் பேனா வந்து அந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டது. எங்கள் தெருவில் பழைய ஸ்டேஷனரி கடையை மூடும்போது ஒரு தகரடப்பா நிறையச் சாத்தூர் நிப்பு கிடைத்தது. இரண்டு மட்டும் எடுத்துக்கொண்டேன். முழு டப்பாவையும் வாங்கியிருக்கவேண்டும்.

பேனாவோடு வந்த நிப்பு முதல் நாள் கீச்சென்று தாளைக் கீறியது. கையால் செய்கிற பொருளில் இது சகஜம், திருப்பி அனுப்ப அவசரப்படக்கூடாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிப்பின் இரண்டு பல்லில் ஒன்று மயிரிழை உயர்ந்திருந்தது. நகத்தால் மெல்ல அமுக்கினேன், சரியாகிவிட்டது. சின்ன வயதில் மை இறங்காவிட்டால் பிளேடை நடுக்கீறலில் விட்டு ஆட்டுவோம், எத்தனை நிப்பைக் கொன்றோமோ. இப்போது பழைய போட்டோ நெகட்டிவ் துண்டைக் கீறலுக்குள் விட்டு இழுக்கிறேன், தூசி வந்துவிடும், நிப்புக்கும் நோகாது.

அடுத்தது நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கு. அதுவும் எபோனைட்டில் இருந்தால் பாக்கியம். நிப்புக்கும் நாக்குக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் மை விட்டுவிட்டு வரும். கொதித்து இறக்கிய தண்ணீரில் முனையை மட்டும் கொஞ்ச நேரம் காட்டினால் எபோனைட் நாக்கு இளகும். நிப்போடு சேர்த்து விரலால் அமுக்கிப் பிடித்தால் அந்த வளைவிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் நாக்கில் இது நடக்காது. அடுப்படியில் நான் இதைச் செய்வதைப் பார்த்த அம்மா, "பேனாவுக்கும் ஆவி பிடிக்கிறியா?" என்றாள். உடம்பை மட்டும் சுடுதண்ணீரில் காட்டிவிடாதீர்கள், பளபளப்பு போய் வெளுத்துவிடும். வெயிலிலும் போடக்கூடாது, கறுப்பு எபோனைட் நாளாவட்டத்தில் பாசிப்பச்சையாகும். ஸ்கூட்டரின் முன்பெட்டியில் ஒரு மத்தியானம் வைத்தாலே பேனாவுக்கு ஆகாது.

மை பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் ஊரில் எளிதாகக் கிடைப்பது கேம்லின், அலைந்தால் பிரில். பக்கத்து மாநிலத்தில் செய்கிற கிருஷ்ணா மைகளின் நிறம் அழகோ அழகு, ஆனால் அவை பள்ளிக்கூட நோட்டுக்கு ஆடம்பரம். நான் சாதா ராயல் ப்ளூவோடு நின்றுவிட்டேன். அதில் ஒரு எச்சரிக்கை. 2017 ஒக்கிப் புயலில் எங்கள் ரப்பர் மரங்களில் பாதி சாய்ந்தது, அதோடு புகைக்கூட்டின் ஓடும் பறந்தது. அங்கே மாடத்தில் அப்பாவின் கணக்கு நோட்டுகள் இருந்தன, எத்தனை ஷீட், எத்தனை கிலோ ஒட்டுப்பால் (வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பால்), யாருக்கு எவ்வளவு பாக்கி என்று இருபது வருடக் கணக்கு. பந்துமுனைப் பேனாவில் எழுதிய பக்கங்கள் ஈரமானாலும் படிக்க முடிந்தது. மைப்பேனாவில் எழுதிய பழைய நோட்டுகள் வெறும் நீலத்தாள். பாக்கி வைத்திருந்தவர்களுக்கு நல்ல காலம். ஆதாரம், பத்திரம், சான்றிதழ் எதிலும் சாதா நீலத்தில் எழுதவேண்டாம். பர்மனன்ட் என்று சீசாவில் இருப்பதையும் அப்படியே நம்பவேண்டாம், ஒரு வரி எழுதிக் காயவைத்து ஈரவிரலால் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மழை நாளில் இன்னொன்று. இங்கே ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு பூத்துப்போயிருக்கும். பட்டை நிப்பில் எழுதினால் மை ஊறி, எழுத்து கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் விடும், பின்பக்கமும் தெரியும். ஆகவே நம் ஊருக்கு மெல்லிய நிப்புதான். பேனா விற்கிற இடத்தில் வழவழப்பான தாளில் பட்டை நிப்பை எழுதிக் காட்டினால் மயங்காதீர்கள், உங்கள் நோட்டைக் கொண்டுபோய் அதில் எழுதிப் பாருங்கள்.

என் பேனாவுக்கு மூவாயிரம் சொச்சம் ஆயிற்று. ஒரு டீச்சருக்கு இது சின்னத் தொகை இல்லை. ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார் விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு ரீஃபில் எத்தனை வாங்கலாம் தெரியுமா?" என்று மனக்கணக்கே போட்டுவிட்டார். சரிதான் சாரே, உங்கள் விரல் இன்னும் வீங்கவில்லை. யாராவது ஓசியில் எழுதிப்பார்க்கக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன், ஆனால் பக்கத்திலேயே நிற்கிறேன். பந்துமுனைக்குப் பழகிய கை நேராகக் குத்தி அழுத்தும். நெஞ்சு பதறும்.

அவசர வேலைக்கும், பேனாவைக் கழற்றிப் போட்டுக் கழுவப் பொறுமை இல்லாதவர்களுக்கும், வெள்ளைச் சட்டை மட்டுமே போடுகிறவர்களுக்கும் இதை நான் சொல்லமாட்டேன். மாதம் ஒருமுறை கிணற்றுத்தண்ணீரில் நிப்பையும் நாக்கையும் ஊறவைத்து அலசவேண்டும். மை மாற்றும்போது கட்டாயம். விமானத்தில் போகிறவர்கள் முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ கொண்டுபோகவேண்டும், பாதியில் கொண்டுபோனால் மேலே போனதும் கக்கிவிடும். குலசேகரம் பஸ்ஸில் அந்தப் பிரச்சினை இல்லை, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் நிப்பு மேலே பார்க்க நிறுத்திப் பையில் வைக்கிறேன். தினமும் நாலு பக்கமாவது எழுதுகிறவர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். பத்துக்கு எட்டு போடுவேன். மூன்றரைச் சுற்றுக்கு ஒன்று, கக்கலுக்கு ஒன்று கழித்துவிட்டேன்.

புகைக்கூட்டுக்கு ஓடு திரும்பப் போட்டு, மிச்ச மரங்களில் இப்போது அண்ணன் பால் வெட்டுகிறான். கணக்கு மட்டும் இன்னும் அப்பா. போன ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் பேனாவை எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஷீட் 9, ஒட்டுப்பால் 3 கிலோ, மழை. அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார், அது எதற்கென்று தெரியவில்லை. மூடியைத் திருகி மூடிவிட்டு, முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரப்பர்தான், கேட்டியா. ஆனா நிப்பு ரொம்ப மெல்லிசு மக்களே. எனக்குக் கண்ணு தெரியாண்டாமா? தடிச்சது ஒண்ணு சொல்லு."

கிளிப் வைத்ததாக ஒன்று சொல்லியிருக்கிறேன். பட்டை நிப்பு.